வயிற்றுக் காட்டில் வளையல் விநியோகம்

ஒரு காட்டில் சூரியன் உதித்ததே இல்லை. மரம் கிடையாது, சிங்கம் கிடையாது, வலையோடு வரும் வேடனும் கிடையாது. மழை மட்டும் உண்டு. காலையில் சாம்பாராகப் பெய்யும், மத்தியானம் ரசமாகப் பெய்யும், விசேஷ நாட்களில் பாயசமாகப் பெய்து சற்று ஓய்ந்து மறுபடியும் பெய்யும். நாகர்கோவில் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த பூதலிங்கம் என்பவருடைய குடல்தான் அந்தக் காடு. நீட்டிப் போட்டால் இருபத்தைந்து அடி வரும். மனிதர் அதைச் சுருட்டி மடக்கி வேட்டி முடிச்சுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார்.

காட்டில் வாழ்ந்த ஜீவன்களை நாம் கிருமி என்கிறோம். அவை ஒருபோதும் அந்தப் பெயரை ஒத்துக்கொண்டதில்லை. தங்களைக் குடிமக்கள் என்றே சொல்லிக்கொண்டன. நீளமாக இருப்பவை கோல் குடும்பம். உருண்டையாக இருப்பவை மணிக் குடும்பம். வால் வைத்தவை, வால் வைக்காதவை, வால் இருந்தும் ஆட்டச் சோம்பல்படுபவை என்று பலவிதம். மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க ஒருவர் கிளம்பினார். எண்ணி முடிப்பதற்குள் அவரே இரண்டாகிவிட்டார். எந்தக் கணக்கு யாருடையது என்று இருவருக்கும் தகராறு வந்து வேலை நின்றுபோனது.

ஆம், அந்தக் காட்டில் கல்யாணம், பிரசவம் எதுவும் இல்லை. வயிறார உண்டால் இடுப்பு சுருங்கும், சுருங்கிய இடத்தில் இற்று இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். இதற்கு ஆகும் நேரம், நாம் ஒரு காப்பி குடித்துப் பேப்பர் படித்து முடிக்கும் நேரம். இரண்டில் எது தாய், எது பிள்ளை என்று கேட்டால் இரண்டுமே விழிக்கும். மாமியார் என்றொருவர் இல்லாத காடு. அப்படியும் அங்கே சண்டை இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஒவ்வொரு ஜீவனின் வயிற்றிலும் ஒரு நூல்கண்டு இருக்கும். எப்படி உண்பது, எப்படி வளர்வது, எதைச் செரிப்பது என்பதெல்லாம் அந்த நூலில் எழுதியிருக்கும். அது தாய்வழிச் சொத்து. பிரியும்போது ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது தவிர, சிலரிடம் சின்னதாக ஒரு வளையல் இருக்கும். அதிலும் எழுத்துதான். ஆனால் அது ஏதாவது ஒரு தனி வித்தையின் செய்முறை. ஒருத்தன் வளையலில் கீரை நாரைச் செரிக்கும் முறை இருக்கும், இன்னொருத்தியிடம் புளிப்பைத் தாங்கும் முறை இருக்கும்.

வளையலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைத் தாய் கொடுக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் யாரும் கொடுக்கலாம். ஒட்டி நின்று, மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி, தன் வளையலை இரு இழையாகப் பிரித்து ஓர் இழையை அடுத்தவருக்குள் தள்ளிவிடுவார்கள். இவர் தம் இழைக்கு ஜோடியை வளர்த்துக்கொள்வார், அவரும் வளர்த்துக்கொள்வார். கொடுத்தவருக்கும் குறையாது, வாங்கியவருக்கும் கிடைத்தாயிற்று. இத்தனைக்கும் அவர் சொந்தமும் இல்லை, ஊரும் இல்லை. நம்மில் யாராவது பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்து நீச்சல் வித்தையை வாங்கிக்கொண்டு இறங்க முடியுமா? அவர்களால் முடிந்தது.

இது கோலப்பனுக்குப் பிடிக்கவில்லை.

கோலப்பன், கோல் குடும்பத்தின் பெரிய தலை. பூதலிங்கம் பிறந்த மூன்றாம் நாளே இந்தக் காட்டில் குடியேறிய வம்சம் என்று சொல்லிக்கொள்வார். யார் யாரிடம் எதை வாங்கலாம் என்று சரிபார்க்க 'வம்சாவளி சரிபார்ப்பு அலுவலகம்' ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவராகத் தாமே அமர்ந்துகொண்டார். அலுவலகம் குடல்வாலில் இருந்தது. அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அலுவலகத்துக்குப் பொருத்தமான இடம் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சின்ன ஓட்டை வைத்த தடுப்பு, அதற்குப் பின்னால் கோலப்பன், முன்னால் 'தள்ளி நிற்கவும்' என்ற பலகை. யாராவது கேள்வி கேட்டால் சர்வர் வேலை செய்யவில்லை என்பார். சர்வர் என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது. மேலே பூதலிங்கம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வார்த்தை அது. தொண்டை வழியாக மெல்ல மெல்ல இறங்கிக் குடலில் ஊறிவிட்டது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பூதலிங்கம் பேருந்து நிலையத்தில் கரும்புச் சாறு குடித்தார். வேண்டாம் என்று நாக்கு சொன்ன ஐஸ்கட்டியையும் கடித்து விழுங்கினார். அந்த ஐஸில் ஒரு வண்டி ஆட்கள் வந்து இறங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் காலிகள். வந்த கையோடு கல்லெறிந்து கலாட்டா செய்தார்கள். பூதலிங்கத்துக்கு வயிறு கடமுடவென்று புரண்டது. ஒரே காலையில் ஆறு முறை கொல்லைப்பக்கம் போய்வந்தார்.

அந்தக் கூட்டத்தில் பறட்டை என்றொருவனும் இருந்தான். உடம்பைச் சுற்றிலும் வால். வாரப்படாத தலை மாதிரி எல்லாத் திசையிலும் ஆடும். அவன் கலாட்டாவில் சேரவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து, நேற்றைய அவியலில் மிச்சமான முருங்கைக்காய்ச் சக்கையைத் தின்றுகொண்டிருந்தான். எந்த ஊர் என்று கேட்டவர்களிடம், பிறந்தது ஒரு கோழிப்பண்ணைக் கழிவுநீர் ஓடை, வளர்ந்தது தெருத்தெருவாக என்று ஒளிக்காமல் சொன்னான்.

பூதலிங்கம் மருந்துக்கடைக்குப் போனார். கடையில் இருந்தவள் ரெக்ஸ்லின் என்ற பெண். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு கையெழுத்து குறைந்தால் ஊர்க்காரர்களை மூன்று முறை நடக்க வைக்கும் பூதலிங்கம், போன வருஷம் தம் மச்சினனுக்குப் பல்வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினார். வயிறும் பல்லும் ஒரே பாதையில்தானே இருக்கின்றன என்றார். ரெக்ஸ்லின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவே, ஒரு நாளைக்கு மூன்று, ஐந்து நாளும் விடாமல் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிப் பதினைந்து மாத்திரையைக் கொடுத்தாள்.

காலை இட்லிக்குப் பின் முதல் மாத்திரை விழுந்தது.

காட்டில் அதுவரை அப்படியொரு மழை பெய்ததில்லை. கசப்பு மழை. யார் மேல் பட்டாலும் தோல்சுவர் பொடிந்து உதிர்ந்தது. ஐஸில் வந்த காலிகள் அடியோடு ஒழிந்தார்கள். அதோடு நின்றதா? அவல் இடிப்பவர், நார் உரிப்பவர், வாயு கட்டுபவர் என்று ஊரில் பாதிப் பேரும் போய்ச்சேர்ந்தார்கள். மழைக்கு நல்லவன் கெட்டவன் விசாரிக்கும் வழக்கம் இல்லை.

மணிக் குடும்பம் லட்சக்கணக்கில் இருந்தது. மழை விட்டபோது மிஞ்சியவள் ஒருத்தி, பெயர் குண்டுமணி. பூதலிங்கத்துக்கு வேண்டிய வைட்டமினை அரைத்துக் கொடுப்பது அவள் வேலை, அதன் பக்குவம் அவள் வளையலில் இருந்தது. ஒரு மடிப்புக்குள் உருண்டு விழுந்து கிடந்ததால் தப்பினாள். அவள் செத்தால் அந்த வைட்டமின் பக்குவமும் சாகும், மணிக் குடும்பமும் அழியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அடுத்த மாத்திரை விழும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. பூதலிங்கம் 'மூணு வேளை, மூணு வேளை' என்று தம் மனைவியிடம் புலம்பியது கீழே வரை கேட்டது.

மடிப்பை விட்டு வெளியே வந்த குண்டுமணி கண்ட காட்சி இது. ஊரே பொடிந்து கிடக்கிறது. நட்டநடுவில் பறட்டை முருங்கைச் சக்கையை மென்றுகொண்டிருக்கிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"எப்படி ஓய் தப்பினீரு?" என்று கேட்டாள்.

"கத்திரிக்கோல்" என்றான் பறட்டை.

அவனிடம் ஒரு வளையல் இருந்தது. கசப்பு மழையைத் துண்டுதுண்டாக வெட்டும் கத்திரிக்கோல் செய்யும் முறை அதில் எழுதியிருந்தது. கோழிப்பண்ணையில் தினம் தினம் அந்த மழைதான், அங்கே பச்சைக்குழந்தையும் இதைப் போட்டிருக்கும் என்றான். வேண்டுமென்றால் இப்போதே தருகிறேன், பக்கத்தில் வா என்று குழாயை நீட்டினான்.

குண்டுமணி ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் கோலப்பனின் அறிவிப்பு வந்துவிட்டது. குடல்வால் ஒதுக்குப்புறம் என்பதால் அவருக்கு முதல் மழையில் சாரல்கூடப் படவில்லை. அன்னியர் கையால் வளையல் வாங்குவது வம்சத் தூய்மைக்குக் கேடு. தவிர்க்க முடியாதவர்கள் படிவம் ஏழில் விண்ணப்பித்து, தாயார் கையெழுத்தோடு வந்து அனுமதி பெறலாம். அனுமதி இல்லாமல் வாங்கியவர்கள் காட்டின் கடைசி வாசல் வழியாக வெளியேற்றப்படுவார்கள்.

கடைசி வாசல் தினமும் காலை ஏழரைக்குத் திறக்கும். அதற்கு அப்பால் போனவர்கள் திரும்பியதில்லை. குண்டுமணி எடுத்து வைத்த காலை இழுத்துக்கொண்டாள். நூல்கண்டில் பாதிக்கு மேல் பயம்தான் எழுதியிருந்தது அவளுக்கு. எல்லாரோடும் சேர்ந்து குடல்வாலை நோக்கி உருண்டாள்.

குடல்வாலில் வரிசை நின்றது. அந்த வரிசையைச் சொல்ல வேண்டும். நம் ஊர் வரிசை முன்னால் நகரும்; அல்லது நகராமல் நிற்கும். அந்த வரிசை பின்னால் நகர்ந்தது. ஏனென்றால் நிற்பவர்கள் நிற்கும்போதே இரண்டிரண்டாகப் பிரிந்தார்கள். ஐந்தாவதாக நின்றவருக்கு முன்னால் நின்ற நாலு பேர் எட்டாகி, அவர் ஒன்பதாவதாகத் தள்ளப்பட்டார். நடுவில் ஒருவர் இடையில் புகுந்ததாகச் சண்டை வந்தது. விசாரித்தால், புகுந்தவர் சண்டை போட்டவருடைய மறுபாதி.

பறட்டையும் வந்து சேர்ந்தான். கொடுப்பவனுக்கும் ஒரு படிவம் உண்டாம். 'மேற்படி வளையலைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தர வேண்டுமாம். கோலப்பன் தடுப்பு ஓட்டை வழியாக அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார். போனான். போகிற வழியில் சிரித்துக்கொண்டே போனான்.

குண்டுமணி கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தபோது நாலு பேராக இருந்தாள். கையில் இருந்த படிவம் ஒன்றுதான்.

"விண்ணப்பதாரர் யாரு?" என்றார் கோலப்பன்.

"நாந்தான் சார்" என்றார்கள் நாலு பேரும்.

"ஒரு படிவத்துக்கு ஒரு ஆளு. இது தெரியாதா?"

"வரும்போ ஒருத்தியாத்தான் வந்தேன் சார். வரிசை நீளம். நிக்க நிக்க இப்படி ஆகிப்போச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய? நாலு படிவமா எழுதிட்டு வாங்க. நாலிலயும் தாயார் கையெழுத்து வேணும்."

நாலு குண்டுமணிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாமவள் சொன்னாள்: "தாயார் நாங்கதான் சார்."

"தாயார் காலமாயிட்டாங்களா?"

"இல்ல சார். காலமாகல. நாலா இருக்காங்க."

"காலமானா இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க. உயிரோட இருந்தா நேர்ல கூட்டிட்டு வாங்க. ரெண்டும் இல்லாத தாயாரை நான் எந்தப் பதிவேட்டுல ஏத்துவேன்?" என்றார் கோலப்பன். குரலில் கோபம் இல்லை. உண்மையான கவலைதான் இருந்தது. ஏழாம் படிவத்தை எழுதியவர் அவர்தான். தாய் என்பவள் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் காத்திருப்பாள் என்று நினைத்துத்தான் எழுதியிருந்தார். தமக்கும் அப்படியொரு தாய் இருந்ததில்லை என்பது அவருக்கு அன்றுவரை தோன்றவில்லை.

இங்கே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அங்கே வரிசையின் வாலில் வேறு ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது.

பறட்டையால் சும்மா நிற்க முடியாது. அது அவன் குற்றம் இல்லை, வளையலின் குணம். அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது, குழாய் எப்படி நீட்டுவது என்ற முறையும் அதே வளையலில்தான் எழுதியிருக்கிறது. போட்டவருக்குக் கை ஊறும். வரிசையோ நெருக்கடி, கூட்டம் பெருகப் பெருக ஒருவர் முதுகு ஒருவர் நெஞ்சில் ஒட்டியது. பறட்டை முன்னால் நின்றவரை லேசாக இடித்தான். முன்னவர் திரும்பி முறைத்தார். முறைப்பு முடிவதற்குள் வளையல் வந்து சேர்ந்துவிட்டது. அவருக்கும் கை ஊறத் தொடங்கியது. தமக்கு முன்னால் நின்றவரை இடித்தார்.

வளையல் வரிசையோடு ஏறியது. வரிசை பின்னால் போன வேகத்தைவிட வளையல் முன்னால் போன வேகம் அதிகம். இதில் வேடிக்கை, யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் சட்டத்தை மீறிவிட்டோம் என்று நினைத்தார்கள். கடைசி வாசலை நினைத்து நடுங்கினார்கள். வளையலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, வளையலுக்கு அனுமதி கேட்கும் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒன்றும் அறியாததாக வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். எனக்கென்னவோ இந்த முகத்தை வேறு பல வரிசைகளிலும் பார்த்த ஞாபகம்.

கவுன்ட்டரில் குண்டுமணி கெஞ்சிக்கொண்டிருந்தபோது முதுகில் ஓர் இடி விழுந்தது. திரும்பினாள். இடித்தவள் அவளுடைய நாலாம் பாகமே. "மன்னிச்சுக்கோ மக்கா, கை சும்மா நிக்கல" என்றாள் அவள் ரகசியமாக. காப்பி நேரம் வேறு ஆகிவிட்டது. நாலு பேர் எட்டுப் பேர் ஆனார்கள். எட்டுப் பேரிடமும் கத்திரிக்கோல் வளையல். எட்டுப் பேரும் கோலப்பனைப் பார்த்துப் பவ்யமாக நின்றார்கள்.

அப்போது மேலே பூதலிங்கம் மோர் குடித்து முடித்து, இரண்டாவது மாத்திரையைப் போட்டார்.

மழை இறங்கியது. இந்த முறை முக்கால்வாசி வெறும் வயிறு வேறு. மனிதர் மோர்சாதம் இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை. கசப்பு வெள்ளம் மூலைமுடுக்கெல்லாம் பாய்ந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் ஒரு கண்ணைத் திறந்தார். சக் சக் சக் என்று சத்தம் கேட்டது. வரிசை முழுக்கக் கத்திரிக்கோல்கள் வெட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவரிடமும் கத்திரிக்கோல், அதற்கடுத்தவரிடமும் கத்திரிக்கோல். நீயுமா, நீயுமா என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். காடே ஒரு பெரிய தையல்கடை போல இரைந்தது.

சாகப் போனவர் ஒருவர்தான். தடுப்புக்குப் பின்னால், யாரும் ஒட்டாமல், யாரையும் தொடாமல், தூய்மையாக உட்கார்ந்திருந்த கோலப்பன்.

வெள்ளம் குடல்வாலுக்குள்ளும் ஏறியது. கோலப்பனின் தோல்சுவர் ஒரு முனையில் உதிரத் தொடங்கியது. அவர் மேஜை மேல் ஏறி நின்றுகொண்டார். முத்திரைக்கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உதவி என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் படிவம் எதுவும் இல்லை.

குண்டுமணி ஓட்டை வழியாகப் பார்த்தாள். அவளிடம் குழாய் இருக்கிறது, வளையல் இருக்கிறது. பின்னால் நின்றவர்கள் அவள் என்ன நினைக்கிறாள் என்று கண்டுகொண்டார்கள்.

"விட்டுத்தள்ளு மக்கா" என்றார் நார் உரிப்பவர் ஒருவர். "காலையிலிருந்து நம்மளக் கால்கடுக்க நிக்கவச்ச மனுசன். போய்த்தொலையட்டும்."

"அவரு போயிட்டா?" என்றாள் குண்டுமணி.

"போயிட்டா நமக்கென்ன, நிம்மதிதான்."

"இந்தப் படிவத்துல யாரு கையெழுத்து போடுவா?"

எல்லாரும் கையிலிருந்த படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து நின்றது இதற்காகத்தானே. நியாயமான கேள்விதான் என்று ஒருவர் முணுமுணுத்தார். பறட்டை மட்டும் கடைசியிலிருந்து வயிறு வலிக்கச் சிரித்தான்.

குண்டுமணி ஓட்டைக்குள் குழாயை நீட்டினாள். "சார், கையக் கொடுங்க."

"விதி இடம் கொடுக்காதும்மா" என்றார் கோலப்பன். பாதி உடம்பு உதிர்ந்திருந்தது. "அன்னியர் வளையல். எங்க வம்சத்துல இன்னிவரைக்கும்..."

"சார், நீங்க வாங்க வேண்டாம். படிவத்தச் சரிபாக்க வாங்கி வச்சிருக்கதா நெனச்சுக்கிடுங்க."

கோலப்பன் யோசித்தார். சரிபார்ப்பதற்காக வாங்கி வைப்பது அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். ஒரு விரல்நுனி அளவுக்கு நகர்ந்து வந்து குழாயைத் தொட்டார். மழை அவர் நெஞ்சுவரைக்கும் ஏறிய நேரத்தில் அவர் கையிலும் ஒரு கத்திரிக்கோல் முளைத்தது. சக்.

சாயங்காலத்துக்குள் பூதலிங்கத்துக்கு வயிறு நேராகிவிட்டது. கலாட்டா செய்த காலிகள் முதல் மழையிலேயே ஒழிந்துவிட்டார்களே. அவர் மனைவி செண்பகம் ராத்திரி மாத்திரையை எடுத்து நீட்டினாள். வலியே இல்லாதபோது மாத்திரை எதற்கு, இருக்கிறதை வைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும் என்றார் பூதலிங்கம். மிச்சம் பதின்மூன்றும் பிரிட்ஜ் மேலே இருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போனது.

மறுநாள் காலை குடல்வாலில் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. எல்லாரும் கூடி நின்று படித்தார்கள்.

'கத்திரிக்கோல் வளையல் என்பது இக்காட்டின் பூர்வீகக் குடிகளான கோல் குடும்பத்தாருக்குத் தொன்றுதொட்டுத் தாய்வழி வந்த சொத்து. நேற்று நடந்த பேரிடரின்போது மேற்படி குடும்பத்தார் பெருந்தன்மையோடு அதனை ஏனைய குடிகளுக்கும் வழங்கினர். அணிந்திருப்போர் அனைவரும் உரிய சான்றிதழைப் பெற்றுக்கொள்ளவும். தாயார் கையெழுத்து தேவையில்லை.'

கீழே கோலப்பனின் கையெழுத்து. முத்திரை கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

பூதலிங்கம் ராத்திரி பட்டினி போட்டதால் குண்டுமணி எட்டுக்கு மேல் பிரியவில்லை, எட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அவள் எட்டுப் பேருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. மணிக் குடும்பத்தில் இதுவரை யாரும் முத்திரை குத்திய காகிதம் வாங்கியதில்லை.

கடைசியாகப் பறட்டையின் முறை வந்தது. நேற்று காலையிலிருந்து வரிசையில்தான் நின்றான்.

"தாயார் பேரு?" என்றார் கோலப்பன், நிமிர்ந்து பார்க்காமல்.

"கோழிப்பண்ணை ஓடையில பொறந்தவன் அண்ணாச்சி. பேரெல்லாம் வைக்க அங்க யாருக்கும் நேரமில்ல."

கோலப்பன் இப்போதுதான் நிமிர்ந்தார். அவன் வயிற்றுக்குள் மின்னிய வளையலைப் பார்த்தார். முகம் கடுகடுத்தது. "இது எங்க குடும்ப வளையலாச்சே. உம்ம கைக்கு எப்படி வந்துச்சு?"

நேற்று உயிர் பிழைத்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். எல்லாரும் தங்கள் சான்றிதழைப் பார்த்தார்கள். அதில் தொன்றுதொட்டு என்று எழுதியிருந்தது. முத்திரை குத்தியிருந்தது. குண்டுமணிகளில் ஐந்தாமவள் வாயைத் திறந்தாள். ஆறாமவள் அவள் சான்றிதழைச் சுட்டிக் காட்டினாள். ஐந்தாமவள் வாயை மூடிக்கொண்டாள். பறட்டையின் படிவத்தில் 'போலி' என்று எழுதி, ஏழரை மணி வாசலுக்கு அனுப்பினார் கோலப்பன்.

வழியனுப்ப வந்தவள் அந்த ஐந்தாம் குண்டுமணி ஒருத்திதான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூடவே உருண்டு வந்தாள். வருத்தமா என்று கேட்டாள்.

"எதுக்கு வருத்தம்?" என்றான் பறட்டை. "வந்தப்ப ஒரு வளையல் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. கொடுத்தா குறையிற சாமானா அது? போதாததுக்கு, நேத்து மழை விட்டப்புறம் நெரிசல்ல உங்க ஆளு ஒருத்தி வரிசைக் கடைசிக்கு வந்து என்னையும் இடிச்சா. வைட்டமின் அரைக்கிற பக்குவம் இப்ப என்கிட்டயும் இருக்கு. போற ஊர்ல இதையும் ரெண்டு பேருக்குக் கொடுக்கணும்."

வாசல் திறந்தது. வால்களையெல்லாம் ஆட்டிக்கொண்டு குதித்துப் போய்விட்டான். எந்த ஊருக்குப் போனானோ, இப்போது யார் முதுகை இடித்துக்கொண்டிருக்கிறானோ, நமக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்துப் பூதலிங்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தார். இரண்டு பந்தி என்றும் சொல்கிறார்கள். இரண்டு நாள் கழித்து வயிறு மறுபடியும் புரண்டது. பதறாமல் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். முன்யோசனைக்காரர் என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டு ஒரு மாத்திரையை விழுங்கினார்.

கீழே மாத்திரை வந்து இறங்கியபோது கோலப்பன் மேடை போட்டுக் காத்திருந்தார். காடே திரண்டிருந்தது. குண்டுமணி குடும்பம் மறுபடியும் லட்சத்தைத் தாண்டியிருந்தது. வைட்டமின் அரைவை மூன்று ஷிஃப்டு நடந்தது. கல்யாண வீட்டிலிருந்து புதிதாக வந்த காலிகளுக்கும் முந்தின நாளே வரிசையில் நிறுத்தி வளையல் வழங்கியாயிற்று. பெறும்போது அவர்களும் 'தொன்றுதொட்டு' என்ற இடத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். கோலப்பன் தங்கள் வம்சத்தின் பழம்பெருமை பற்றி நீண்ட உரையாற்றிவிட்டு, கத்திரிக்கோலை எடுத்து மாத்திரையை நடுவில் வெட்டித் திறப்புவிழா நடத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். மேலே பூதலிங்கத்துக்கு அது சுருக்கென்று வலித்தது.

பதின்மூன்றையும் விழுங்கிப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போனார். மாத்திரை போலி என்று ரெக்ஸ்லினிடம் சண்டைபிடித்தார்.

"அன்னிக்கு அஞ்சு நாளும் முழுசா சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாள் அவள்.

"வலி நின்னதுக்கப்புறம் எதுக்கும்மா சாப்பிடணும்? வீணாக்காம பத்திரமா வச்சிருந்தேன்."

ரெக்ஸ்லின் மாத்திரை அலமாரியைச் சாத்தினாள். பிறகு, இந்தத் தடவை டாக்டர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் தர முடியாது, சீட்டு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும், எதிர்த்த ஆஸ்பத்திரியில் போய் டோக்கன் எடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

பூதலிங்கம் போனார். ஐம்பது பேருக்குப் பின்னால் நின்றார். கூட்டம் நெருக்கியது. பின்னால் நின்ற ஒருவர் அவர் மேல் நன்றாக இடித்தார். பூதலிங்கம் திரும்பி, தள்ளி நிற்கத் தெரியாதா, நீர் எந்த வம்சம் என்று கேட்டார்.

அவர் வயிற்றுக்குள் லட்சம் குண்டுமணிகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பூதலிங்கம் அதைப் பசி என்று நினைத்துக்கொண்டார்.

நீதி: வரிசையில் நிற்கும்போது பின்னால் இருப்பவர் இடித்தால் திரும்பி முறைக்காதீர்கள். அவர் உங்கள் பரம்பரைச் சொத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.